பாதியில் அறுந்த பெரியம்மா

"தமிழ்ல பேர் வச்சா அப்படித்தான் சார் ஆகும். இங்கிலீஷ்ல வச்சுக்கோங்க, ஒரு பிரச்சனையும் வராது."

பீன்யா ரெண்டாவது ஸ்டேஜில் ஒரு மொபைல் கடையில் போன மாசம் எனக்குக் கிடைத்த இலவச அறிவுரை இது. கடைப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரோ சொன்னதை அவன் எனக்குச் சொன்னான். ஆனால் அந்த வாக்கியத்தின் மேல் ஏகப்பட்ட கோபம். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். பொட்டி தட்டாத மக்களும் கடைசி வரை வாங்க. உங்க வீட்டு போன் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அதனால் அவள் போனில் எல்லாப் பெயரையும் தமிழிலேயே நான்தான் ஏற்றிக் கொடுத்திருந்தேன், நான் கூப்பிடும் முறை வைத்து. பெரியம்மா தென்காசி, பெரியம்மா ராஜபாளையம், சித்தப்பா கோவை, சித்தப்பா சென்னை, இப்படி. பழைய போன் மண்டையைப் போடும் நிலைமைக்கு வந்ததும் புதுசு வாங்கி, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்தோம். பெயர்களைக் கடையிலேயே மாற்றிக் கொடுத்தார்கள்.

சாயந்தரம் அம்மா தென்காசிப் பெரியம்மாவைக் கூப்பிட்டாள். எடுத்தது ராஜபாளையம் பெரியம்மா. இதில் என்ன விசேஷம் என்றால், அந்த ரெண்டு பேருக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா எடுத்த எடுப்பில் "அக்கா, அந்த ராஜபாளையத்தா என்ன செஞ்சா தெரியுமா" என்று ஆரம்பிக்க... மிச்சத்தை நீங்களே கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள் :)

சிரித்துவிட்டுப் போனைப் பார்த்தேன். "பெரியம்" என்று ஒரு பெயர், அதன் வாலில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம். அவ்வளவுதான். தென்காசியும் இல்லை, ராஜபாளையமும் இல்லை. ரெண்டு பெரியம்மாவுக்கும் சேர்த்து ஒரே பெயர், ஒரே எண். சித்தப்பாக்களும் "சித்தப்" என்று ஒரே ஆளாகிவிட்டார்கள். தனியாக நின்ற அத்தை, தம்பி, மாமா மட்டும் முழுசாக வந்து சேர்ந்திருந்தார்கள். 212 பேர் போய், 187 பேர் வந்திருந்தார்கள்.

சிரிப்பு அதோடு நின்றது. தென்காசிப் பெரியம்மாவுக்கு 78 வயசு, தனியாக இருக்கிறார். அம்மா தினமும் சாயந்தரம் பேசுவது அவரோடு மட்டும்தான். எண் கைக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் "நான் என்ன தப்பாப் பேசிட்டேன்" என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தாராம்.

கடைக்குப் போய்க் கேட்டபோது வந்ததுதான் மேலே சொன்ன அறிவுரை. நல்ல வேளை, பழைய போனிலிருந்து எடுத்த கோப்பின் ஒரு நகல் மெமரி கார்டில் இருந்தது. நான் பீன்யாவில் ஒரு டூல்ரூமில் மெஷின்களுக்கான புரோகிராம், ஸ்கிரிப்ட் எழுதிப் பிழைப்பவன். "இது என்ன பெரிய ஆணி, பத்து நிமிஷத்துல புடுங்கிடலாம்" என்று உட்கார்ந்தேன். பைத்தானில் பன்னிரண்டு வரி. கோப்பைத் திற, ஒவ்வொரு வரியாகப் படி, முக்காற்புள்ளியில் வெட்டு, பெயரைச் சாவியாக வைத்து எண்ணை அடுக்கு. ஓட்டினேன்.

"பெரியம்", கறுப்புக் கட்டம். கடைக்காரன் மென்பொருள் செய்த அதே தப்பை நானும் அட்சரம் பிசகாமல் செய்திருந்தேன். இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு! அதனால் இந்தப் பதிவில் விழும் திட்டில் பாதி எனக்கே.

சரி, கோப்புக்குள் என்ன இருந்தது? போன்கள் பெயர்களை எழுதும் விகார்டு 2.1 என்ற வடிவம் 1996-ல் வந்தது. அதில் ஆங்கிலம் அல்லாத எழுத்தை நேரடியாக எழுதாமல், ஒவ்வொரு பைட்டையும் ஒரு சமக்குறி, ரெண்டு இலக்கம் என்று மூன்று எழுத்தாக விரித்து எழுதலாம். மின்னஞ்சலுக்காக வந்த முறை இது. அதில் ஒரு வரி 76 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. போனால், வரிக் கடைசியில் ஒரு வெறும் சமக்குறி போட்டுவிட்டு அடுத்த வரியில் தொடர வேண்டும். அந்தச் சமக்குறிக்கு "இன்னும் முடியவில்லை, அடுத்த வரியையும் சேர்த்துப் படி" என்று அர்த்தம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். யூனிகோடு "பெரியம்மா"வை 9 துண்டாக வைக்கிறது. ப, ஒற்றைக்கொம்பு, ர, மேல்விலங்கு, ய, ம, புள்ளி, ம, கால். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்த் துண்டுக்கும் 3 பைட். மொத்தம் 27 பைட், விரித்து எழுதினால் 81 எழுத்து. அம்மாவின் கோப்பில் பெயர் 69 எழுத்து வந்ததும் வரி உடைந்திருந்தது. அதாவது 23 பைட். 7 துண்டு முழுசாக உள்ளே, எட்டாவது துண்டான "ம"வில் 2 பைட் இந்த வரியில், 1 பைட் அடுத்த வரியில். முதல் வரியை மட்டும் படித்தால் என்ன வரும்? "பெரியம்", கூடவே அரைகுறை "ம"வுக்கு ஒரு கறுப்புக் கட்டம். அடுத்த வரியில் முக்காற்புள்ளி இல்லாததால் அதைக் குப்பை என்று என் ஸ்கிரிப்ட் தூக்கிப் போட்டுவிட்டது. ரெண்டு பெரியம்மாவுக்கும் சாவி ஒன்றாகிவிட்டதால், அகர வரிசையில் பின்னால் வந்த ராஜபாளையம் தென்காசியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா"வுக்கு 5 துண்டுதான், அதனால் தப்பித்தாள். இதையே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், விரிக்கவே வேண்டாம், வரி உடையவே உடையாது. ஆங்கிலத்தில் பெயர் வைப்பவன் ஆயுசு முழுக்கத் தொடர்வரியைப் பார்க்காமலே போய்ச் சேரலாம். தமிழில் வைப்பவன் எட்டாவது துண்டிலேயே அதில் முட்டிக்கொள்கிறான். அதனால்தான் சோம்பேறி ஸ்கிரிப்டுகள் வருஷக்கணக்கில் மாட்டாமல் ஓடுகின்றன. சோதித்துப் பார்ப்பவர்கள் போடும் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில்.

அடுத்த ஞாயிறு அந்தக் கடைப் பையனிடமே இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். "தம்பி, கன்னடத்துல பெரியம்மாவை எப்படிக் கூப்பிடுவீங்க?" "தொட்டம்ம." கன்னட எழுத்தில் அது 8 துண்டு, 24 பைட். 23-ல் வெட்டினால் கடைசி எழுத்து ஒரே ஒரு பைட்டில் போச்சு. பையன் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இது தமிழ் வீட்டுக்கு மட்டுமான பிரச்சனை இல்லை, மக்களே. கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாமே ஒரு துண்டுக்கு 3 பைட்தான். "இங்கிலீஷ்ல வச்சுக்கோங்க" என்பது நம் எல்லோர் அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது.

இனி என் ஜாதியான பொட்டி தட்டுவோருக்கு.

வரி என்பது வேறு, ரெக்கார்டு என்பது வேறு. காகித அட்டையின் அகலமோ, மின்னஞ்சல் போகும் குழாயின் அளவோ முடிவு பண்ணியது வரி. எழுதியவர் சொல்ல வந்த முழு விஷயம் ரெக்கார்டு. இன்லேண்ட் லெட்டர் வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். இடம் தீர்ந்ததும் ஊரிலிருந்து ஓரத்தில் குறுக்காக, மடிப்பின் மேல் எல்லாம் எழுதி அனுப்புவார்கள். திருப்பித் திருப்பிப் படித்தோம். "மேலே தேதி இல்லை, இது குப்பை" என்று யாராவது ஓரத்தைக் கிழித்துப் போட்டோமா? எங்கள் பீன்யாவில் எந்த ஸ்டோர் கீப்பரும் டெலிவரி சலானின் ரெண்டாம் பக்கத்தை "இதில் தலைப்பு இல்லையே" என்று எறிய மாட்டார். அவருக்கு இருக்கும் அக்கறை நம் ஸ்கிரிப்டுக்கு ஏன் இல்லை?

இது புதுப் பிரச்சனையும் இல்லை. 1957-ல் வந்த ஃபோர்ட்ரானிலேயே, அட்டையின் ஆறாவது கட்டத்தில் குறி இருந்தால் அது முந்தைய அட்டையின் தொடர்ச்சி. மின்னஞ்சல் தலைப்பு வரிகளுக்கு 1982-ன் ஆர்.எஃப்.சி 822 சொன்னது: இடைவெளியிலோ டேபிலோ தொடங்கும் வரி முந்தைய வரியின் வால். நாங்கள் தினமும் தொடும் ஏ.பி.டி கோப்பில் வரிக் கடைசியில் டாலர் குறி இருந்தால் தொடர்ச்சி.

அந்த ஏ.பி.டி கதையையும் கேளுங்கள். டிசைன் மென்பொருள் தரும் கோப்பில் ஒரு வட்டத்தின் மையம் முதல் வரியில் இருக்கும், ஆரம் டாலரைத் தாண்டி அடுத்த வரியில் இருக்கும். முன்பு வேலை பார்த்த ஒரு ஷாப்பில், வரி வரியாகப் படித்த ஸ்கிரிப்ட் ஆரத்தைத் தொலைத்துவிட்டு, முந்தைய வட்டத்தின் ஆரத்தையே போட்டு அனுப்பியது. தர்மபுரிக்கார ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் பீஸ் வைக்காமல் வெறும் காற்றில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். டூல் போகும் வழி சரியில்லை என்று நிறுத்திவிட்டார். மேலே இருந்து வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஆஃப்செட் தப்பா போட்டியா?" அரை ஷிஃப்ட் முழுக்க அவர் திட்டு வாங்கிய பிறகுதான் யாரோ ஸ்கிரிப்டைத் திறந்தார்கள்.

ரெண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தப்புச் செய்தது ஸ்கிரிப்ட். பழி ஒரு இடத்தில் ஆபரேட்டர் மேல், இன்னொரு இடத்தில் தமிழ் மேல். திருப்பிக் கேட்கத் தெரியாதவர் மேல் போய் விழுகிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

நம் ஆட்கள் சொல்லும் சால்ஜாப்புகளையும் பார்த்துவிடலாம்.

"ஃபைல் தப்பு பாஸ்." இல்லை பாஸ். சமக்குறி போட்டுத் தொடர்வது விதிப்படிதான். எழுத்தின் நடுவில் வெட்டலாமா என்று கேட்டால், நியாயமான கேள்வி. நாட்காட்டிக் கோப்புக்கான ஆர்.எஃப்.சி 5545 (2009) ஒரு வரிக்கு 75 பைட் என்கிறது. எளிமையான நிரல்கள் பல பைட் எழுத்தின் நடுவில் வெட்டிவிடக்கூடும், ஒட்டும்போது சரியாக ஒட்டு என்று அதுவே எச்சரிக்கவும் செய்கிறது. விகார்டு 4.0-க்கான ஆர்.எஃப்.சி 6350 (2011) எழுத்தின் நடுவில் வெட்டக் கூடாது என்றே சொல்லிவிட்டது. ஆனால் பழைய வடிவக் கோப்புகள் இன்றும் போன்களிலிருந்து வருகின்றன. வருவதைப் படிக்கத் தெரிய வேண்டியது நம் வேலை.

"எர்ரர் வந்துச்சு, இக்னோர் போட்டுட்டேன்." இதுதான் எல்லாவற்றிலும் மோசம். பாதி எழுத்தைப் படிக்க முடியாமல் பைத்தான் கத்துகிறது. அது உங்களைக் காப்பாற்றத்தான் கத்துகிறது. அதன் வாயில் துணியை அடைத்துவிட்டு "இப்போ ஓடுது" என்றால், கறுப்புக் கட்டம்கூட வராது. பெரியம்மா சத்தமில்லாமல் "பெரியம்" ஆகிவிடுவார். கட்டமாவது நம்மைச் சந்தேகப்பட வைத்தது.

"தமிழ்தான் 3 பைட் எடுக்குது, குறியீட்டை மாத்தணும்." 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16-ஐயும் தரமாக அறிவித்தது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம், "பெரியம்மா" 5 துண்டாகிவிடும். சரி, ஆனால் யூ.டி.எஃப்-8-ல் அதிலும் துண்டுக்கு 3 பைட்தான். பெரியம்மா தப்பிப்பார், தென்காசி "கா"வில் அறுபடும். எந்தக் குறியீட்டைக் கொண்டுவந்தாலும் வரிக்கு ஒரு எல்லை இருக்கும், எல்லையைத் தாண்டும் பெயரும் இருக்கும்.

"லைப்ரரி இருக்கே, அதைப் போடேன்." இது மட்டும் உருப்படியான பேச்சு. இருந்தால் போடுங்கள், நானும் போட்டிருக்க வேண்டும். ஆனால் அதையும் ஒரு நீளமான தமிழ்ப் பெயர் கொடுத்துச் சோதித்துவிட்டு நம்புங்கள். ஏ.பி.டி மாதிரி சரக்குக்குப் பல நேரம் நாமேதான் எழுத வேண்டியிருக்கும்.

எழுதுவது கஷ்டமா? இல்லவே இல்லை. முதலில் ஒட்டு, பிறகு படி. இந்த வரிசை மாறக் கூடாது. அம்மாவின் கோப்புக்குச் செய்தது இதுதான். கோப்பை எழுத்தாகத் திறக்காமல் பைட்டாகத் திறந்தேன். சமக்குறியில் முடியும் வரியின் கடைசிக் குறியை எடுத்துவிட்டு அடுத்த வரியை ஒட்டினேன், சமக்குறி இல்லாத வரி வரும்வரை. ஒட்டி முடித்த பிறகு விரித்ததைப் பைட்டாகச் சுருக்கினேன். கடைசியில்தான் யூ.டி.எஃப்-8 என்று படித்தேன். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எழுத்தாக்கிவிட்டுப் பிறகு ஒட்டினால் பிரயோஜனம் இல்லை. உடைந்த எழுத்து உடைந்ததுதான்.

மூன்று பள்ளங்களைச் சொல்லிவிடுகிறேன், விழுந்து எழுந்தவன் என்ற முறையில்.

ஒன்று, குறியைக் கண்டதும் ஒட்டாதீர்கள், அது எந்த வரியின் குறி என்று பாருங்கள். அதே விகார்டில் புகைப்படமும் இருக்கலாம். படத்தை எழுத்தாக மாற்றும் பேஸ்64 முறையில் கடைசியில் சமக்குறி வருவது சகஜம். அங்கே அது தொடர்ச்சி இல்லை, முடிவு. அதைத் தொடர்ச்சி என்று எடுத்தால் அடுத்த வரியை விழுங்கிவிடுவீர்கள். ஏ.பி.டி-யிலும் ஒற்றை டாலர் தொடர்ச்சி, இரட்டை டாலர் வெறும் குறிப்பு. "டாலரில் முடிகிறதா" என்று மட்டும் கேட்டால் வெறும் இரட்டை டாலர் வரி அடுத்த கட்டளையைத் தின்றுவிடும்.

ரெண்டு, தொடர்ச்சிக் குறி அடுத்த வரியின் தொடக்கத்தில் வரும் வடிவங்களில், ஒரு வரியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்ததை எட்டிப் பார்க்க வேண்டும். அப்படி எழுதுபவர்கள் கோப்பு முடிந்ததும் கையில் இருக்கும் கடைசி ரெக்கார்டை வெளியே விட மறந்துவிடுவார்கள். ஒட்டும்போது அந்த இடைவெளியை என்ன செய்வது என்பதும் வடிவத்துக்கு வடிவம் மாறும். மின்னஞ்சல் தலைப்பில் இடைவெளி நிற்கும், நாட்காட்டிக் கோப்பில் அந்த ஒரு இடைவெளியும் போய்விட வேண்டும்.

மூன்று, எண்ணுங்கள். உள்ளே எத்தனை ரெக்கார்டு தொடங்கியது, வெளியே எத்தனை வந்தது. ஒன்று குறைந்தாலும், ஒரு பெயரில் கறுப்புக் கட்டம் இருந்தாலும், ஸ்கிரிப்ட் நின்று கத்த வேண்டும். பீன்யாவில் எந்த ஷாப்பும் 212 பீஸ் வாங்கி 187 பீஸ் கொடுத்துவிட்டு "அப்படித்தான் சார் ஆகும்" என்று சொல்ல முடியுமா? அடுத்த லோடு வராது.

2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைக் கண்காணித்த இஸ்ட்ராக் இதே பீன்யாவில்தான் இருக்கிறது. நிலவில் இறங்கிய வண்டியின் பேச்சைத் தவறாமல் கேட்ட ஊரில், தென்காசிப் பெரியம்மாவின் பெயரை ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு முழுசாகக் கொண்டுபோக முடியாது என்றால், அதற்குத் தமிழ் காரணமில்லை. யாரும் அக்கறைப்படவில்லை, அவ்வளவுதான்.

பொட்டி தட்டாத மக்களுக்கு மூன்று வேண்டுகோள். போன் மாற்றும்போது, பழையதைக் கொடுப்பதற்கு முன்னால் புதியதில் உங்கள் வீட்டின் ஆக நீளமான ரெண்டு தமிழ்ப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். மொத்த எண்ணிக்கையையும் பாருங்கள். முக்கியமான பத்து எண்களைக் காகிதத்தில் எழுதி அம்மாவின் பையில் வையுங்கள். யாராவது "இங்கிலீஷ்ல வச்சுக்கோங்க" என்றால், மாட்டேன் என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாத எழுத்தில் அம்மாவின் போனை மாற்றிக் கொடுத்தால், அப்புறம் யாரைக் கூப்பிடவும் அவள் நம்மைத்தான் கூப்பிட வேண்டும். வெளியூரில் குடும்பத்தோடு இருக்கும் நமக்கு இது என்னவென்று சொல்லவே வேண்டாம். அவள் தனியாகச் செய்துகொள்ளும் வேலைகளே இங்கே கொஞ்சம்தான்.

212 பேரும் இப்போது வந்துவிட்டார்கள். தென்காசிப் பெரியம்மாவிடம் நானே பேசி, ஸ்கிரிப்ட், பைட், சமக்குறி எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் பேரை முழுசா படிக்காம விட்டுட்டீங்க, அவ்வளவுதானல?" என்றார்.

அவ்வளவுதான் பெரியம்மா.

பி.கு: ரெண்டு பெரியம்மாக்களும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. அதற்கெல்லாம் ஸ்கிரிப்ட் கிடையாது, "நடுவுல நீ போய் ஒட்டவும் வேண்டாம்" என்று தங்கமணி உத்தரவு :)